ஐந்து சொட்டு மருந்தும் ஐம்பத்து நான்கு சதவீதமும்

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில் ஒரு கிராமத்து அங்கன்வாடி. புதன்கிழமை காலை. தமிழ்நாட்டில் புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள் என்பது கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்கெல்லாம் தெரியும். கிராம சுகாதாரச் செவிலியர் குளிர்ப்பெட்டியைத் திறந்தார். ஒன்றரை மாதக் குழந்தையின் கன்னங்களை இரண்டு விரலால் மெல்ல அழுத்தி, திறந்த வாயில் முதலில் இரண்டு சொட்டு விட்டார். சற்றுப் பொறுத்து வேறொரு குப்பியிலிருந்து ஐந்து சொட்டு விட்டார். ஊசியைக் கடைசியில்தான் எடுத்தார். ஊசி குத்தியபின் குழந்தை வீறிட்டு அழும், சொட்டு மருந்து உள்ளே இறங்காது. உடன் வந்திருந்த பாட்டி, “ரெண்டு சொட்டு போட்டாச்சே நர்சம்மா, மறுபடியும் எதுக்குப் போலியோ?” என்று கேட்டார். “அதுதான் போலியோ ஆயா. இது பேதிக்கு” என்றார் செவிலியர்.

அந்தப் பதில் சரியானது. ஆனால் அதில் அடங்காத செய்தி நிறைய இருக்கிறது. அந்த ஐந்து சொட்டு எல்லாப் பேதியையும் தடுப்பதில்லை. ரோட்டா என்ற ஒரே ஒரு வைரஸால் வரும் பேதியை, அதிலும் குறிப்பாக மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு முற்றுகிற பேதியைத் தடுக்கிறது. அதையும் நூற்றுக்கு நூறு தடுப்பதில்லை. இந்தியாவில் கணிக்கப்பட்ட அதன் திறன் ஏறக்குறைய 54 சதவீதம்; அதாவது, மருந்து இல்லாவிட்டால் நூறு குழந்தைகளுக்கு வந்திருக்கும் கடும் ரோட்டா பேதியில் 54 பேருக்கு அது வராமல் போகிறது. பாதிக்குச் சற்றே கூடுதலாகப் பயன்படும் ஒரு மருந்தை, மலையேறிச் சென்றும்கூட ஒவ்வொரு குழந்தைக்கும் கொடுக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. கொடுத்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணம் அந்தச் சதவீதத்தில் இல்லை; அந்தச் சதவீதம் எந்த ஊரில், எந்தக் குழந்தைகளின்மேல் செயல்படுகிறது என்பதில் இருக்கிறது.

ரோட்டா வைரஸை 1973இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ரூத் பிஷப் என்ற அறிவியலாளரும் அவருடைய குழுவினரும் பேதி கண்ட குழந்தைகளின் குடல் திசுவில் கண்டறிந்தார்கள். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வண்டிச் சக்கரம்போலத் தெரிந்ததால், சக்கரத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லே அதற்குப் பெயராயிற்று. சிறுகுடலின் உட்சுவரில் விரல்போல நீட்டிக்கொண்டிருக்கும் உறிஞ்சிகளின் நுனியிலுள்ள செல்களை இது அழிக்கிறது. உண்டதையும் குடித்ததையும் உடலுக்குள் இழுத்துக்கொள்ள வேண்டிய செல்கள் அவை. அவை அழியும்போது நீர் உள்ளே போவது குறைகிறது. வைரஸ் உருவாக்கும் நச்சுப் புரதம் ஒன்று குடலிலிருந்து நீரை வெளியே தள்ளவும் செய்கிறது. காய்ச்சலும் வாந்தியும் முதலில் வரும், பிறகு தண்ணீராகப் பேதி தொடங்கி மூன்று நாள் முதல் எட்டு நாள் வரை நீடிக்கும்.

ஆறு கிலோ எடையுள்ள குழந்தை உடலிலிருந்து 600 மில்லி நீரை இழந்தால் எடையில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். வீட்டில் தண்ணீர் குடிக்கும் சில்வர் டம்ளரில் அளந்தால் மூன்று டம்ளர். மருத்துவர்கள் கடும் நீரிழப்பு என்று சொல்லும் எல்லை அதுதான். பெரியவருக்கு அந்த மூன்று டம்ளர் ஒரு பொருட்டே இல்லை. குழந்தைக்கோ அந்த நிலையில் உச்சிக்குழி உள்வாங்கியிருக்கும், அழுதால் கண்ணீர் வராது, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு மெல்லத்தான் மறையும், மணிக்கணக்கில் சிறுநீர் போகாது. இவை தெரியத் தொடங்கியபின் கையில் இருப்பது நாள்கணக்கு அல்ல, மணிக்கணக்கு. நம் ஊர்களில் அந்த மணிகளில் ஒரு பகுதி மாந்தம் என்று நினைத்துக் கைவைத்தியம் பார்ப்பதிலும், தொக்கம் எடுக்கத் தூக்கிக்கொண்டு போவதிலும் கழிந்துவிடுகிறது. அதற்காகத் தாய்மார்களைக் குறை சொல்லும் மனம் எனக்கு இல்லை. பக்கத்தில் இருப்பது அதுதான், தொலைவில் இருப்பது மருத்துவமனை.

குடிநீரும் கழிப்பறையும் சரியாக இருந்தால் இந்த நோய் தானாக ஒழிந்துவிடும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் மிகுந்திருந்த புளோரைடிலிருந்து மக்களைக் காக்க ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. காவிரி நீர் குழாயில் வந்த ஊர்களில் அதன் நன்மையை யாரும் மறுக்க முடியாது. காலரா, டைபாய்டு போன்றவற்றுக்கு நல்ல குடிநீரே பெரிய தடுப்பு. ரோட்டா அப்படிப்பட்டதல்ல. நோயுற்ற குழந்தையின் மலத்தில் ஒரு கிராமுக்குக் கோடிக்கணக்கான வைரஸ்கள் வெளியேறுகின்றன. அவற்றில் நூறுக்கும் குறைவானவை இன்னொரு குழந்தையின் வாய்க்குள் போனாலே நோய் தொற்றிவிடும். கை, துணி, பொம்மை, தொட்டில் கயிறு என எதில் வேண்டுமானாலும் அது ஒட்டிக்கொண்டு உயிர்ப்போடு இருக்கும். தடுப்பு மருந்து வருவதற்கு முன்பு, சுத்தமான குழாய் நீர் ஓடும் அமெரிக்காவிலும் ஐந்து வயதுக்குள் ஏறக்குறைய ஒவ்வொரு குழந்தைக்கும் இந்தத் தொற்று வந்துபோனது. ஆண்டுதோறும் 55,000 முதல் 70,000 குழந்தைகள் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். ஆனால் அங்கே ஆண்டுக்கு இறந்தவர்கள் 20 முதல் 60 பேர் மட்டுமே.

இந்தியாவின் கணக்கு வேறு. தடுப்பு மருந்து வருவதற்கு முந்தைய காலத்தைப் பற்றி 2014இல் வெளியான மதிப்பீட்டின்படி, ஆண்டுதோறும் ஏறத்தாழ 8.7 லட்சம் குழந்தைகள் ரோட்டா பேதியால் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். ஏறத்தாழ 78,000 குழந்தைகள் இறந்தார்கள். பேதிக்காக மருத்துவமனையில் சேர்ந்த ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு நாற்பது பேரிடம் ரோட்டா காணப்பட்டது. இரண்டு நாடுகளிலும் வைரஸ் ஒன்றே. குழந்தையின் உடல் வலு, ஊட்டச்சத்து, எல்லாவற்றுக்கும் மேலாகச் சிகிச்சை கிடைக்கும் தூரம், இவையே இரண்டு எண்களுக்கும் இடையிலான அந்தப் பாரதூரமான வேறுபாட்டை உண்டாக்கின.

உப்பு சர்க்கரைக் கரைசலின் அருமையை இங்கே குறைத்துச் சொல்லிவிடக் கூடாது. 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மகலநாபிஸ் அதை வாளி வாளியாகக் கலந்து கொடுத்து உயிர்களை மீட்டார். அன்று முதல் அது காப்பாற்றிய குழந்தைகளுக்குக் கணக்கில்லை. இன்றும் பேதி கண்ட குழந்தைக்கு முதல் மருந்து ஓஆர்எஸ் கரைசலும், கூடவே பதினான்கு நாள் துத்தநாக மாத்திரையும், நிறுத்தாமல் தாய்ப்பாலும்தான். ஆனால் ரோட்டாவின் கொடுமை வாந்தியிலிருந்து தொடங்குகிறது. ஒரு கரண்டி உள்ளே போனால் இரண்டு கரண்டி வெளியே வருகிறது என்று தாய் சோர்ந்துவிடுவார். அப்போது நரம்பு வழியாக நீர் ஏற்ற ஆள் வேண்டும், இடம் வேண்டும். பெட்டமுகிலாளம் மலையிலோ சித்தேரி மலையிலோ ராத்திரி பத்து மணிக்கு அது கிடைக்குமா? பென்னாகரம் தொகுதியின் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதைமேல் ஏற்றிச் சென்றார்கள் என்ற செய்தியைத் தேர்தல் காலத்தில் படித்திருப்போம். இயந்திரம் ஒரு நாள் தாமதமாக இறங்கினால் ஒன்றும் கெட்டுவிடாது. நீரிழந்த குழந்தை அப்படிக் காத்திருக்க முடியாது. வருமுன் தடுக்கும் மருந்தின் மதிப்பு சாலை முடியும் இடத்தில்தான் கூடுகிறது.

இதற்கான மருந்து எளிதில் வந்துவிடவில்லை. ரோட்டாஷீல்ட் என்ற முதல் தடுப்பு மருந்து 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மறு ஆண்டே திரும்பப் பெறப்பட்டது. மருந்து பெற்ற குழந்தைகளில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒருவருக்குக் குடல் செருகல், அதாவது குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்து அடைத்துக்கொள்ளும் நிலை, ஏற்பட்டதே காரணம். ஆண்டுக்குச் சில பத்துக் குழந்தைகள் மட்டுமே ரோட்டாவால் இறக்கும் நாட்டில் அந்த முடிவு நியாயமானது. அப்போது உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஐந்து லட்சம் குழந்தைகள் ரோட்டாவால் இறந்துகொண்டிருந்தார்கள், பெரும்பாலோர் ஏழை நாடுகளில். அமெரிக்கக் குழந்தைக்கு ஏற்ற தராசு ஆப்பிரிக்காவின் மலாவிக் குழந்தைக்கும் தருமபுரிக் குழந்தைக்கும் அப்படியே பொருந்துமா என்ற கேள்வியை அன்றே சிலர் எழுப்பினார்கள். ஆனால் பணக்கார நாடு வேண்டாம் என்று ஒதுக்கிய மருந்தை ஏழை நாட்டுக் குழந்தைக்குக் கொடுக்க எந்த அரசும் துணியவில்லை. அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. அதற்குக் கொடுக்கப்பட்ட விலையும் கண்ணில் நிற்கிறது. ரோட்டாரிக்ஸ், ரோட்டாடெக் என்ற அடுத்த இரண்டு மருந்துகள் 2004க்கும் 2006க்கும் இடையில்தான் வந்தன. ஒவ்வொன்றும் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டிருந்தது. குடல் செருகல் என்ற அந்த ஒரே ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளவே அத்தனை பெரிய சோதனை.

அந்தச் சோதனைகளில் கடுமையான ரோட்டா பேதிக்கு எதிராக 85 முதல் 98 சதவீதம் வரை திறன் தெரிந்தது. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் சோதித்தபோது எண்கள் சரிந்தன. 2010இல் வெளியான முடிவுகளில், ரோட்டாரிக்ஸின் திறன் தென்னாப்பிரிக்காவில் 76.9 சதவீதமாகவும் மலாவியில் வெறும் 49.4 சதவீதமாகவும் இருந்தது. இவ்வளவோடு நிறுத்தினால் மலாவியில் மருந்து தோற்றுவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் அதே ஆய்வு இன்னொரு கணக்கையும் போட்டது: நூறு குழந்தைகளுக்கு மருந்து கொடுத்தால் ஓராண்டில் எத்தனை கடும் பேதிகள் தவிர்க்கப்படுகின்றன? தென்னாப்பிரிக்காவில் 4.2, மலாவியில் 6.7. திறன் குறைந்த இடத்தில் பலன் கூடியிருக்கிறது. மலாவியில் கடும் ரோட்டா பேதி அவ்வளவு அதிகம்; பெரிய சுமையில் பாதியைக் குறைத்தாலும், சிறிய சுமையில் முக்கால் பங்கைக் குறைப்பதைவிட அது பெரிது. நம் மாவட்டங்களைப் பற்றிப் பேசும்போது நினைவில் வைக்க வேண்டிய கணக்கு இதுவே. 54 சதவீதம் என்ற எண்ணைத் தேர்வு மதிப்பெண்போலப் படிக்கிற பழக்கம்தான் பல இடங்களில் இந்த மருந்தைப் பற்றிய அலட்சியத்தை வளர்க்கிறது.

ஏழை ஊர்களில் திறன் ஏன் குறைகிறது என்பதற்கான விடையின் ஒரு பெரும்பகுதி நமக்கு மிக அருகில், வேலூரில் கிடைத்தது. 2019இல் திருப்பத்தூர் தனி மாவட்டமாகப் பிரியும்வரை வேலூர்தான் கிருஷ்ணகிரிக்கு எல்லை மாவட்டம். அந்நகரின் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ககன்தீப் காங் குழுவினர், நெரிசலான குடியிருப்புகளில் பிறந்த 373 குழந்தைகளை மூன்று வயதுவரை தொடர்ந்து கவனித்து 2011இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்குள்ளேயே ரோட்டா தொற்று வந்துவிட்டது. மெக்சிகோவில் முன்பு நடந்த இதே வகை ஆய்வில், இயற்கையாக இரண்டு முறை தொற்று வந்த குழந்தைக்குப் பிறகு ஓரளவோ கடுமையாகவோ பேதி வரவே இல்லை. வேலூரிலோ மூன்று முறை தொற்றிய பிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். இயற்கையான தொற்றே முழுப் பாதுகாப்புத் தராத இடத்தில், அதைப் பின்பற்றிச் செய்யப்பட்ட வலுக்குறைந்த சொட்டு மருந்து முழுப் பாதுகாப்புத் தரும் என்று எதிர்பார்க்க முடியாது.

தாயிடமிருந்து தொப்புள்கொடி வழியாகவும் பால் வழியாகவும் வரும் எதிர்ப்பொருள்கள் நம் ஊர்க் குழந்தைகளிடம் மிகுதி. அவை நோயைத் தடுப்பதுபோலவே மருந்திலுள்ள வைரஸையும் மடக்கிவிடுகின்றன. ஓயாமல் கிருமிகளைச் சந்திக்கும் குடலின் உட்சுவர் மெல்ல அழற்சியுற்றுத் தேய்ந்திருக்கிறது. அதே வேளையில் கொடுக்கும் போலியோ சொட்டும் முதல் தவணையில் சில ரோட்டா மருந்துகளின் வேகத்தைச் சற்றுக் குறைக்கிறது. இதற்காகத் தாய்ப்பாலை நிறுத்திப் பார்க்கலாமா என்றுகூடச் சோதித்தார்கள். மருந்து கொடுக்கும் முன்னும் பின்னும் சிறிது நேரம் பால் கொடுக்காமல் இருந்தும் பயன் கூடவில்லை. ஆகவே சொட்டு போட்ட கையோடு பால் கொடுப்பதைத் தாய்மார்கள் தயங்காமல் செய்யலாம்.

தொடக்கத்தில் கண்ட ஐந்து சொட்டு, இந்தியாவின் சொந்த மருந்தான ரோட்டாவாக். அதன் பிறப்பு டெல்லியில். 1980களின் நடுவில் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழக மருத்துவமனையில் பிறந்த சில பச்சிளங்குழந்தைகளிடம் ரோட்டா தொற்று இருந்தும் நோய்க்குறி எதுவும் இல்லை. மருத்துவர் மகராஜ் கிஷன் பான் அந்த அமைதியான வைரஸைப் பின்தொடர்ந்தார். 116இ என்று பெயரிடப்பட்ட அதில், மனித வைரஸின் மரபணுக்களோடு மாட்டு வைரஸின் ஒரு மரபணு இயற்கையாகவே கலந்திருந்தது. அதிலிருந்து பாரத் பயோடெக் உருவாக்கிய மருந்து டெல்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. கடும் ரோட்டா பேதிக்கு எதிரான திறன் 53.6 சதவீதம் என்று 2014இல் அறிவிக்கப்பட்டது. ஒரு தவணை ஒரு டாலர் என்ற விலைதான் இதை எல்லாக் குழந்தைக்கும் இலவசமாகக் கொடுக்கும் திட்டத்தைச் சாத்தியமாக்கியது. 2016 மார்ச்சில் நான்கு மாநிலங்களில் தொடங்கி, 2017இல் தமிழ்நாட்டுக்கு வந்து, 2019க்குள் நாடு முழுவதும் பரவியது. புனேயின் சீரம் நிறுவனம் தயாரிக்கும் ரோட்டாசில் மருந்தும் சேர்ந்துகொண்டது.

ஒரு மருந்து சோதனைக்கூடத்துக்கு வெளியே, கரண்ட் போய் வரும் சுகாதார நிலையங்களிலும் வெயிலில் தூக்கிச் செல்லும் பெட்டிகளிலும் என்ன ஆகிறது என்பதுதான் உண்மையான தேர்வு. இந்தியாவில் ஒன்பது மாநிலங்களின் மருத்துவமனைகளில் தரவு திரட்டி 2025இல் வெளியான ஆய்வு, திறன் 54 சதவீதம் என்று காட்டியது. சோதனையில் கண்டதே களத்திலும் நின்றது. பேதிக்காகச் சேரும் குழந்தைகளில் ரோட்டாவின் பங்கு நூற்றுக்கு நாற்பதிலிருந்து ஏறக்குறைய இருபதாகக் குறைந்துவிட்டது. மலாவியில் மருந்து வந்தபின் பேதியால் ஏற்படும் குழந்தை இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக ஊர் ஊராகச் சென்று எடுத்த கணக்கு காட்டியது. மெக்சிகோவில் ஐந்து வயதுக்குட்பட்டோரின் பேதி இறப்பு 35 சதவீதம் குறைந்தது.

குடல் செருகல் அச்சத்தை மறைத்துவிட்டுப் பேசுவது சரியல்ல. மறைத்தால் நாளை ஒரு குழந்தைக்கு அது வரும்போது ஊரே எல்லாத் தடுப்பூசியையும் மறுத்துவிடும். ரோட்டாரிக்ஸ் கொடுக்கப்பட்ட மெக்சிகோ, பிரேசில் நாடுகளில் ஏறத்தாழ 51,000 முதல் 68,000 குழந்தைகளில் ஒருவருக்குக் கூடுதலாக அது வரலாம் என்று கணக்கிட்டார்கள். அதே மருந்து அவ்விரு நாடுகளிலும் ஆண்டுதோறும் 80,000 மருத்துவமனைச் சேர்க்கைகளையும் 1,300 இறப்புகளையும் தவிர்த்தது. செருகலால் நேரக்கூடிய இறப்பு ஐந்து. இந்தியாவில் ரோட்டாவாக் பெற்ற குழந்தைகளை வைத்து 2020இல் வெளியான ஆய்வில் கூடுதல் ஆபத்து எதுவும் தென்படவில்லை. இருந்தாலும், குழந்தை திடீரெனக் காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு விட்டு விட்டு அலறினாலோ, மலத்தில் ரத்தமும் சளியும் கலந்து வந்தாலோ, மருந்து போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதைச் செவிலியர் ஒவ்வொரு தாயிடமும் சொல்லிவிடுவது நல்லது.

“சொட்டு போட்டும் பேதி வந்துச்சே” என்ற பேச்சு இதைவிட அடிக்கடி காதில் விழுகிறது. வந்தது வேறு கிருமியாக இருக்கலாம். ரோட்டாவாகவே இருந்தாலும் மூன்று நாள் மருத்துவமனையில் கிடக்க வேண்டியது வீட்டிலேயே ஓஆர்எஸ் குடித்துத் தீர்ந்திருக்கலாம். வராமல் போன கடும் நோயை யாராலும் கண்ணால் பார்க்க முடியாது. ஆகவே “இது பேதியே வராமல் தடுக்கும்” என்று சொல்லாமல், “பேதி வந்தாலும் உயிருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளும்” என்று சொன்னால் நம்பிக்கை நிலைக்கும்.

எஞ்சியிருக்கும் பெரிய இடைவெளி, என் பார்வையில், இடம்பெயரும் குடும்பங்களில் இருக்கிறது. மருந்து கொடுக்க வேண்டியது 6, 10, 14 வாரங்களில். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் மானாவாரிக் கிராமங்களிலிருந்து பெங்களூருக்கும் ஓசூருக்கும் கட்டட வேலைக்குப் போகும் குடும்பங்கள், பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து, குழந்தைக்கு இரண்டு மாதம் ஆனதும் கிளம்பிவிடுகின்றன. முதல் தவணை ஊரில், மற்ற இரண்டும் எங்கும் இல்லை என்று தாய் சேய் நல அட்டையின் கட்டங்கள் வெறுமையாக நிற்கின்றன. அங்கே கட்டடத்தின் ஓரத்தில் தகரக் கொட்டகையில், ஒரே குழாயடியில் இருபது குடும்பம் புழங்கும் இடத்தில், அந்தக் குழந்தைக்குத்தான் பாதுகாப்பு மிகவும் தேவை.

பிறந்த சில நாள்களுக்குள்ளேயே முதல் தவணையைத் தொடங்கும் ஆர்வி3-பிபி என்ற மருந்து இந்தோனேசியாவில் சோதிக்கப்பட்டு, ஒன்றரை வயதுவரை 75 சதவீதம் பாதுகாப்புத் தந்ததாக 2018இல் முடிவு வந்தது. தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. அப்படி ஒரு மருந்து நம் திட்டத்துக்கு வந்தால், குடும்பம் எங்கே போனாலும் முதல் தவணை வீடு திரும்பும் முன்பே முடிந்திருக்கும். அதுவரை இப்போதுள்ள விதியிலேயே ஒரு வசதி உண்டு. அதைப் பல தாய்மார்கள் அறியவில்லை. முதல் தவணையை ஒரு வயது முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். தொடங்கியபின் இடையில் விட்டுப்போனால் முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து நான்கு வார இடைவெளியில் தொடரலாம். கர்நாடகத்தின் சுகாதார நிலையத்திலும் அதே அட்டையைக் காட்டி ரோட்டா மருந்தை இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். ஒரு தவணையோடு போன எட்டு மாதக் குழந்தை பொங்கலுக்கு ஊர் திரும்பினால், அந்த வாரத்துப் புதன்கிழமையே அங்கன்வாடிக்குத் தூக்கிக்கொண்டு வரலாம்.